நிறைந்து வரும் லொறி வெறுமையாகத் திரும்புகிறது



நகரத்துக் குப்பையை ஏற்றிய லொறி நம் தோட்டப் பாதையில் ஏறுகிறது. லயத்தையும் பிள்ளை மடுவத்தையும் தாண்டிப் போய், தேயிலை கைவிடப்பட்ட ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டு, அதே பாதையில் வெறுமையாக இறங்குகிறது. நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் வாழும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இறங்கும் வழியில் அந்த லொறி நம் வாசலில் நிற்பதில்லை. நம் வீட்டுக் குப்பையை ஏற்றுவதும் இல்லை. ஏன் என்று கேட்டால், "தோட்டம் எங்கள் எல்லைக்கு வெளியே" என்கிறது நகர சபை. பிரதேச சபையிடம் போனால், "தோட்டம் கம்பனிக்கு உரியது" என்கிறார்கள். துரையிடம் போனால், "குப்பை அள்ளுவது சபையின் வேலை" என்கிறார். மூன்று பேருடைய பதிலும் கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் கொட்ட வரும்போது மட்டும் இந்த எல்லை ஒருவருக்கும் நினைவு வருவதில்லையே, அது எப்படி?

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுக் குப்பையை ஒழுங்காக அகற்றிக்கொள்ளும் உரிமை டவுன்வாசிக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு லயத்தில் இருப்பவருக்கும் உண்டு. அது துரையின் தயவு அல்ல, தவிசாளரின் தயவும் அல்ல. நகரத்தின் குப்பையைச் சுமக்கும் கடமையோ நம் மலைக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

டவுனில் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் அங்கே கடைகளில் நிற்கிறார்கள், நம் பெண்கள் அங்கே வீட்டு வேலைக்குப் போகிறார்கள். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று அங்கே அறிவிப்பு உண்டு. உக்கும் குப்பைக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக் பொலித்தீனுக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம் என்று நாடு முழுவதற்கும் ஒரே நிற ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். பல டவுன் வீடுகளில் அந்த ஒழுங்குப்படி குப்பையைப் பிரித்து வாசலில் வைப்பவள் நம் வீட்டுப் பெண்தான். மாலையில் அவள் லயத்துக்குத் திரும்பினால் அங்கே வாளியும் இல்லை, கிழமையும் இல்லை, லொறியும் இல்லை. "தோட்டத்து ஆட்களுக்குக் குப்பை பிரிக்கத் தெரியாது" என்று கூட்டங்களில் பேசும் கனவான்கள், தங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்வது யார் என்று ஒருமுறை குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கட்டும்.

லயத்தில் உண்மையில் என்ன குப்பை சேருகிறது என்று பார்ப்போம். மரக்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்குப் போகின்றன. அடுப்புச் சாம்பல் வீட்டுத்தோட்டத்துக்குப் போகிறது. சாணம் கோவா பாத்திக்கும் லீக்ஸ் பாத்திக்கும் போகிறது. இந்த நாட்டில் சேரும் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது என்பது அதிகாரிகளே சொல்லும் கணக்கு. அந்தப் பாதியை நாம் தலைமுறை தலைமுறையாக ஒரு சதமும் வாங்காமல் கையாண்டு வருகிறோம். இதே வேலையைச் செய்ய நகரத்துக்கு ட்ரக்டர் வேண்டியிருக்கிறது, கூட்டெருக் களம் வேண்டியிருக்கிறது, வெளிநாட்டு உதவி வேண்டியிருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடை செய்துவிட்டு, சேதனப் பசளை எங்கே எங்கே என்று அரசாங்கம் நாடெல்லாம் தேடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்திலும் கடைவீதியின் அழுகிய மரக்கறி பொலித்தீனோடு கலந்து நம் ஆற்றோரங்களில் வீணாகிக் கொண்டிருந்தது.

இரும்பு, போத்தல், பழைய கடதாசி ஆகியவற்றைப் போத்தல்காரர் வந்து நிறுத்து வாங்கிக்கொள்கிறார். விலை உள்ளது எதுவும் லயத்தில் தங்குவதில்லை.

தங்குவது எது? பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை, பால்மா பக்கட், யோகட் கோப்பை, சொப்பிங் பேக், உர மூட்டைக்குள் இருக்கும் பொலித்தீன். இவற்றை ஒருவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை, மாடும் தின்னக் கூடாது, மண்ணும் ஏற்றுக்கொள்ளாது. இவை லயத்துக்கு எப்படி வந்தன? பெரிய போத்தல் வாங்க ஒரே தடவையில் காசு இல்லாத குடும்பம் சின்னச் சின்னப் பக்கட்டாக வாங்குகிறது. அது தெரிந்துதான் கம்பனிகள் சின்னப் பக்கட்டைச் செய்கின்றன. 2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்த அளவும் கொண்ட சஷே பக்கட்டுகளுக்குத் தடை வந்தது. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே தோட்டக் கடையில் சரம் சரமாகத் தொங்குவதில் பெரும்பகுதி இன்னும் தொங்குகிறது. பக்கட்டைச் செய்தவர் இலாபத்தை எடுத்துக்கொண்டார். வெறும் உறை மட்டும் நம் காம்பராவில் கிடக்கிறது. பிறகு "தோட்டம் அசுத்தம்" என்று பெயர் நமக்கு.

அந்த உறையை என்ன செய்வது? எரிக்கிறார்கள். அடுப்பிலே போட்டு எரிக்கிறார்கள், புகைபோக்கி இல்லாத காம்பராவில், பிள்ளை தூங்கும் இடத்துக்கு மூன்று அடி தள்ளி. பிளாஸ்டிக் எரியும் புகை நஞ்சு என்பதைத் தாய்மாருக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நாற்றமே சொல்லும். பிளாஸ்டிக்கையும் குப்பையையும் திறந்த வெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதிய வர்த்தமானி தடை செய்தது. நல்ல சட்டம்தான், எதிர்க்கவில்லை. எரிக்காதே என்று சொன்னவர்கள், எரிக்காமல் எங்கே கொடுப்பது என்பதற்கு டவுனில் ஒரு லொறியை விட்டார்கள். லயத்துக்குச் சட்டம் மட்டும் வந்தது.

இன்னும் சில கழிவுகளைப் பற்றி நம் கூட்டங்களில் ஆண்கள் பேசுவதில்லை. மாதர் அணிக் கூட்டங்களில் பேசுகிறார்கள், ஆகவே இங்கேயும் எழுதுகிறோம். நாலைந்து குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம் இருக்கும் லயத்தில், பாவித்த அணையாடையை ஒரு இளம் பெண் எங்கே போடுவாள்? குழிக்குள் போட்டால் குழி நிறைந்து அடைத்துக்கொள்ளும். எரிக்கலாம் என்றால் எல்லோர் கண்ணும் படும். பொழுது சாய்ந்த பிறகு தேயிலைக்குள் கொண்டுபோய்ப் புதைக்கிறாள், அதை நாய் கிளறுகிறது. இதைச் சுகாதாரப் பிரச்சினை என்று மட்டும் சொன்னால் போதாது. அது அவளுடைய மானத்தைத் தொடுகிற விசயம். குழந்தைகளின் டயபரும் இப்போது அதே வழியில்தான் போகிறது.

அடுத்தது மருந்துக் கேன். மலையில் களைநாசினி அடிக்கும் தொழிலாளிக்கு வெறும் கேன் என்ன ஆகிறது என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? வெறுமையான கேனை மூன்று முறை கழுவி, துளை போட்டு, மறுபடி எவரும் பாவிக்க முடியாதபடி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது நாசினி பாவிக்கும் எவரும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு. சில லயங்களில் அந்தக் கேனில் மண்ணெண்ணெய் இருக்கிறது, சில வீடுகளில் தண்ணீர் இருக்கிறது. இது வீட்டுக் குப்பையே அல்ல, கம்பனியின் தொழிற்கழிவு. ஸ்டோரிலிருந்து எத்தனை கேன் வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுதி வைக்க வேண்டியது நிருவாகம். கொழுந்தை நூறு கிராம் வரை நிறுத்துக் கழிக்கத் தெரிந்தவர்களுக்குக் கேனை எண்ணத் தெரியாதா?

டோர்ச் பற்றரி, உடைந்த மின்குமிழ், காலாவதியான மருந்து, காற்றில் பிய்ந்து விழுந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு ஆகியவையும் இருக்கின்றன. உடைந்த அஸ்பெஸ்டஸின் தூசு நெஞ்சுக்கு ஆகாது. அதைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போகிற கூரை வேலைக்காரர்களைத் தோட்டக் கமிட்டிகள் விடக்கூடாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஏனென்றால் "சட்டம் இடம் தராது" என்பதுதான் நம்மை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பழைய மந்திரம்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். அந்த முப்பது வருடமும் நம் வாக்கை எண்ணினார்கள், நம் தலையை எண்ணி வட்டாரம் பிரித்தார்கள், பாதைக்கும் விளக்குக்கும் குப்பைக்கும் வரும்போது மட்டும் நாம் கம்பனியின் ஆட்களானோம். மலையகத்தின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பிறகு 2018 இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. பிரதேச சபை தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்ய வழி திறந்தது. அதே வருடம்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து தேர்தலுக்குப் போயின. கதிரைகள் கூடின. தவிசாளர்கள் கூடினார்கள். குப்பை லொறியின் பாதை ஒரு மைலாவது கூடியதா என்று உங்கள் தோட்டத்திலேயே பாருங்கள்.

அந்தச் சட்டத்தின் 93 ஆம், 94 ஆம் பிரிவுகள் குப்பையைப் பற்றியவை. நகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 118 முதல் 120 வரையும், மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 129 முதல் 131 வரையும் இதே விடயம்தான். சுருக்கம் இதுதான்: வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றுவதும், அதைத் தகுந்த இடத்தில் தகுந்தபடி முடிவு கட்டுவதும் சபையின் கடமை. சேகரித்த குப்பை சபையின் சொத்து. ஆம் தோழர்களே, சொத்து. டவுன் வாசலில் இருந்து லொறியில் ஏறிய கணமே அது சபைக்குச் சொந்தமாகிவிடுகிறது. நம் லயத்துக்கு மேலே மேடாகக் கிடப்பது யாருடையது என்று கேட்டால், "அது பழைய காலத்தில் கொட்டியது, எங்களுக்குத் தெரியாது" என்று எந்தச் செயலாளரும் கையை விரிக்க முடியாது. தன் சொத்தை அடுத்தவன் தண்ணீர்ப் பீலிக்கு மேலே போட்டுவிட்டுப் போக எவருக்கு உரிமை உண்டு?

"சோலை வரி கட்டுபவர்களுக்குத்தான் சேவை" என்று ஒரு வாதம் உண்டு. உறுப்பினர்கள் சிலர், நம் வாக்கில் வந்தவர்கள் கூட, இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நமக்கு ஏன் சோலை வரி இல்லை? வீடு நம் பெயரில் இல்லை, காணி நம் பெயரில் இல்லை. இருநூறு வருடம் உறுதி கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, உறுதி இல்லாதவனுக்குக் குப்பை லொறி இல்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்? நாம் வரியே கட்டாதவர்களும் அல்லர். சவர்க்காரத்திலும் தேநீர்க் கோப்பையிலும் வற் வரி இருக்கிறது. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். சபை ஊழியர்களின் சம்பளத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் அந்த வரியிலிருந்தும் போகிறது. டவுன் கடைகளுக்கு யாருடைய சம்பள நாளில் வியாபாரம் நடக்கிறது என்று முதலாளிமாரிடம் கேளுங்கள்.

காணி பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் கேட்டால், நிலத்தை அளக்க வேண்டும், கம்பனி இணங்க வேண்டும், மண்சரிவு அறிக்கை வேண்டும், தேயிலை நட்டிருக்கிறது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று வருடங்கள் போகின்றன. டவுன் குப்பைக்கு இடம் வேண்டும் என்று வந்தால் ஏக்கர் கணக்கில் இடம் கிடைக்கிறது. மனிதனுக்குக் கிடைக்காத இடம் குப்பைக்குக் கிடைக்கும் அதிசயத்தை எந்த நாட்டில் பார்ப்பீர்கள்?

அந்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் கவனியுங்கள். சரிவான நிலம், மழை நிலம். மேலே கொட்டியது கீழே வராமல் இருக்காது. கறுத்த கசிவு நீர் கானில் இறங்கி, பீலித் தண்ணீரில் கலக்கிறது. குப்பைக்கு நாய்கள் கூடுகின்றன, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது, பன்றியும் வருகிறது. காலையில் அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது நம் பெண்கள், கையில் கூடை மட்டும்தான். எலி பெருகினால் எலிக்காய்ச்சல். கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் யோகட் கோப்பையிலும் டயரிலும் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு. டெங்கு வந்த பிறகு புகை அடிக்க வருகிறார்கள், பரிசோதகர் வந்து நம் லயத்துக் கோப்பையைக் காட்டி வழக்குப் போடுவேன் என்கிறார். கோப்பையை எடுத்துச் செல்ல வராத சபையின் மீது ஒருவரும் வழக்குப் போடுவதில்லை.

இது தோட்டத்து ஆட்களின் தனிப் பிரச்சினை என்று கொழும்பில் இருப்பவர்களும் நினைக்க வேண்டாம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு குடிக்கும் தண்ணீர் அம்பத்தளையில் அந்தக் கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. மலையில் கொட்டுவதை மலை வைத்துக்கொள்வதில்லை.

மீதொட்டமுல்லையை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த மேட்டுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் வசதியானவர்கள் அல்லர். அங்கே கொட்ட வேண்டாம் என்று அவர்கள் வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். கேட்டவர்கள் இல்லை. நம் தோட்டத்து மேடு அவ்வளவு பெரிது அல்ல என்று யாராவது ஆறுதல் சொல்லலாம். நம் சரிவு அதைவிடச் செங்குத்தானது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லட்டும்.

ஒரு விடயத்தில் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. சில இடங்களில் லொறியை மறித்த நம்மவர்கள் லொறியில் இருந்த தொழிலாளர்களை ஏசியிருக்கிறார்கள். கூடாது. அந்த லொறியில் கையுறை இல்லாமல், வெறும் காலில் நிற்பவர் யார்? மலையக நகரங்களில் வீதி கூட்டுபவர்களிலும் குப்பை அள்ளுபவர்களிலும் மிகப் பலர் நம் இனத்தவர். கண்டி மஹியாவையில் தலைமுறைகளாக வாழும் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்களின் முன்னோர்களும் நம் முன்னோர்களைப் போலவே இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்தாம். அவர்களை ஊரும் சாதியும் சொல்லித் தள்ளி வைத்த வெட்கம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பிரிக்காத குப்பையில் கிடக்கும் உடைந்த கண்ணாடி அவர்கள் கையைத்தான் கிழிக்கிறது. அமயத் தொழிலாளியாக வைத்து வருடக் கணக்கில் நிரந்தரமாக்காமல் இழுத்தடிக்கும் சபைகள் உண்டு. நம் சண்டை சபையோடு, அள்ளுகிறவரோடு அல்ல. லயத்துக்கும் லொறி வரவேண்டும் என்று கேட்கும்போது, அதற்கு மேலதிக ஆட்களை எடு, நிரந்தரமாக எடு, கையுறையும் சப்பாத்தும் கொடு என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

அதேபோல, வாங்கித் தின்ற பக்கட்டைத் தேயிலைத் தூரில் செருகுவதையும் கானில் எறிவதையும் சங்கம் ஆதரிக்கவில்லை. கான் அடைத்தால் மழைத் தண்ணீர் வேறு வழி தேடும், அது யாருடைய காம்பராவுக்குள் போகும் என்பது தெரிந்த கதை. ஆனால் இதை வைத்து, "முதலில் உங்கள் ஆட்களைத் திருத்துங்கள், பிறகு லொறியைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்வதை ஏற்கமாட்டோம். டவுன்வாசியைத் திருத்திய பிறகா டவுனுக்கு லொறி விட்டார்கள்?

2025 ஜனவரி 1 ஆம் திகதி 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியது. நோக்கம் நல்லது, குறை சொல்லமாட்டோம். நாம் சொல்வது வேறு. சிரமதானம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்குமாற்றோடு வந்து, லயத்துக்கு முன்னால் கூட்டி, படம் எடுத்துக்கொண்டு போனால், கூட்டிச் சேர்த்த மூட்டைகள் திங்கட்கிழமை எங்கே போகும்? லொறி வராத இடத்தில் சிரமதானம் செய்தால் குப்பை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம்? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சபையில் கேட்பதற்கு ஆளே இல்லை, எல்லாம் அதிகாரிகள் கையில். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு ஆள் இருக்கிறார்கள். நம் தோட்டங்களுக்கு வந்து நம் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுப் போனவர்கள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று பார்க்க வேண்டாம். நம்முடைய சங்கத்து உறுப்பினரானாலும் இதே கேள்விதான்.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே வரும் லொறி இறங்கும்போது லயத்துச் சந்தியில் நிற்க வேண்டும், கிழமையில் ஒரு நாள், உக்காத குப்பைக்கு மட்டும். உக்கும் குப்பையை நாமே பார்த்துக்கொள்வோம். லொறி ஏற முடியாத டிவிசனுக்குத் தோட்ட ட்ரக்டரை நிருவாகம் தர வேண்டும், டீசல் செலவைச் சபையும் கம்பனியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். பற்றரி, மின்குமிழ், உடைந்த கூரைத் தகடு போன்றவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தனிச் சேகரிப்பு நாள் வேண்டும். அணையாடைக்கு மூடியுள்ள தனி வாளி மலசலகூடத்தோடு வேண்டும், அதை எடுத்துப் பாதுகாப்பாக அழிப்பதற்குத் தோட்ட ஆஸ்பத்திரியும் சபையும் பொறுப்பு. நாசினிக் கேனுக்குக் கம்பனி மட்டுமே பொறுப்பு. புதிதாகத் தோட்டக் காணியில் குப்பை மேடு வேண்டாம். பழைய மேட்டை மூடி, கசிவு நீரைத் தடுக்கும் வேலைக்கு நாள் குறித்துச் சொல்ல வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி, வருகை தந்தவர்களின் கையொப்பத்தோடு பிரதேச சபைத் தவிசாளருக்கும், பிரதி ஒன்றைச் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் வட்டார உறுப்பினரைக் கூப்பிட்டு, அடுத்த சபைக் கூட்டத்தில் பிரேரணையாக வைப்பாரா மாட்டாரா என்று நேரிலேயே கேளுங்கள்.

உங்கள் தோட்டத்தில் நகரக் குப்பை கொட்டப்படுகிறதென்றால் இன்னொரு கடிதமும் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. எழுத இயலாதவர் வாயாலும் கேட்கலாம். நாலு கேள்வி போதும். இந்த இடத்தில் கொட்ட எவர் அனுமதி கொடுத்தார்? கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தின் பிரதி எங்கே? அதற்காக ஏதும் பணம் கைமாறியதா? மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி இருக்கிறதா? தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். கடிதத்தைக் கையளித்த திகதியோடு ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதோடு லயத்துச் சந்தியில் ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுங்கள். லொறி ஏறிய நேரம், இலக்கத்தகடு, இறங்கிய நேரம், நின்றதா இல்லையா. ஒரு மாதம் எழுதி முடித்த கொப்பியின் பிரதியைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் கொடுத்தால், சபையின் பதிலோடு சேர்த்து இந்த இதழில் தோட்டம் தோட்டமாக வெளியிடுவோம்.